சுவிட்சர்லாந்தில் குடியிருப்பது: துவைக்கும் அறையிலிருந்து தொடங்குகிறேன்

கேள்வி இதுதான்: கணவருக்கு பெர்ன் நகரத்தில் இரண்டு வருஷ வேலை கிடைத்திருக்கிறது, ஏழு வயது மகளோடு குடும்பமாகப் போகிறார்கள். சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொர்க்கம் என்கிறார்கள். குடியிருந்துவிட்டு வந்தவர்கள் தும்மினாலும் விதி என்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். பெர்னுக்குப் பக்கத்தில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். ஒரு வாரம் வந்துபோகிறவர்களுக்கு மலை தெரியும். குடியிருக்க வருகிறவர்களுக்கு முதலில் தெரிவது அடுக்ககத்தின் அடித்தளத்தில் இருக்கும் துவைக்கும் அறை. எனவே மலையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இந்த ஊரில் பாதிக்கு மேற்பட்டோர் வாடகை வீட்டில்தான் வாழ்கிறார்கள். பழைய கட்டடங்களில் வீட்டுக்குள் வாஷிங் மெஷின் கிடையாது. அடித்தளத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று இருக்கும், பக்கத்திலேயே துணி உலர்த்த ஓர் அறை. யாருக்கு எந்த நாள் என்று சுவரில் அட்டவணை தொங்கும். எங்கள் முதல் வீட்டில் எங்களுக்குக் கிடைத்தது பதினைந்து நாளுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை. கைக்குழந்தை இருந்த வீடு அது. பதினைந்து நாள் துணியை ஒரே நாளில் துவைப்பது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். மூட்டை மூட்டையாக இறக்கி, ஏற்றி, அன்றைக்கு சமையலே ரசம் சாதம்தான்.

இரண்டாவது செவ்வாய் முடிந்த மறுநாள் கதவில் ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. “உங்கள் முறை முடிந்தபின் உலர்த்தியின் வடிகட்டியில் பஞ்சு இருந்தது. அன்பான வணக்கங்களுடன்.” கூடவே சின்ன பிளாஸ்டிக் உறையில் அந்தப் பஞ்சு, சாட்சிக்கு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எழுதியது இரண்டாம் மாடிப் பாட்டியம்மா என்று தெரியும், எதிரே வந்தால் முகம் கொடுக்காமல் இருந்தேன். மூன்று வாரம் கழித்து அவரே கீழே இறங்கி வந்து, ஒரு துணியைக் கையில் வைத்துக்கொண்டு முழுப் பாடமும் எடுத்தார். மெஷின் வாயிலிருக்கும் ரப்பர் வளையத்தின் மடிப்பைத் துடைக்க வேண்டும். கதவை அரை விரல் அளவு திறந்து வைக்க வேண்டும், இல்லையென்றால் வாடை வரும். சோப்புத்தூள் பெட்டியை வெளியே இழுத்துக் கழுவ வேண்டும். தரையில் சிந்திய தண்ணீரை ரப்பர் துடைப்பத்தால் வடிகால் பக்கம் தள்ள வேண்டும். சாவியை அடுத்த வீட்டுக்காரரின் தபால் பெட்டியில் போட வேண்டும், இரவு பத்துக்கு முன்னால். அந்த டிசம்பரில் அதே கதவில் ஒரு பை தொங்கியது. உள்ளே மைலெண்டர்லி, அதாவது எலுமிச்சைத் தோல் போட்டு முட்டை தடவிச் சுட்ட கிறிஸ்துமஸ் பிஸ்கட், ஒரு டப்பா நிறைய.

அவர் நல்லவரா கெட்டவரா என்று நான் கேட்டுக்கொள்வதை அப்போதே விட்டுவிட்டேன். பஞ்சு அனுப்பியதும் பிஸ்கட் அனுப்பியதும் ஒரே கைதான். உங்களை அந்தக் கட்டடத்து ஆளாகச் சேர்த்துக்கொண்டால்தான் கடிதமே வரும்.

சத்தம், ஞாயிறு இரண்டையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை, அப்புறம் இரவு பத்துக்கு மேல், சத்தம் கூடாது. ஞாயிறு முழுக்கவே அப்படி. சுவரில் ஆணி அடிப்பது, துளை போடுவது, புல் வெட்டுவது, காலிப் பாட்டிலை கண்ணாடி சேகரிக்கும் தொட்டியில் போடுவது எதுவும் ஞாயிறன்று நடக்காது. மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி அரைக்கலாமா என்று கேட்பீர்கள். நான் அரைக்கிறேன், ஜன்னலைச் சாத்திக்கொண்டு. கடைகளும் ஞாயிறு மூடியிருக்கும். பல ஊர்களில் சனிக்கிழமை ஐந்து, ஆறு மணிக்கே கதவு சாத்திவிடுவார்கள். சனிக்கிழமை இரவு வந்து இறங்கினால் பாலுக்குப் போக்கிடம் ரயில் நிலையக் கடைதான். ஆகவே விமான டிக்கெட் எடுக்கும்போதே வார நாளாகப் பாருங்கள்.

குப்பைக்குத் தனி இலக்கணம். பெரும்பாலான ஊர்களில் வரி சேர்த்து விற்கும் பையில்தான் குப்பை போட முடியும். 35 லிட்டர் பை ஒன்றுக்கு ஒன்றரை, இரண்டு பிராங்க் ஆகும், ஊருக்கு ஊர் மாறும். விலை அதிகம் என்பதால் திருடுவார்களோ என்று சூப்பர் மார்க்கெட்டில் பல இடங்களில் கல்லாவுக்குப் பின்னால் வைத்திருப்பார்கள், கேட்டுத்தான் வாங்க வேண்டும். வேறு பையில் கட்டிப் போட்டால் ஆள் வைத்துப் பிரித்து, உள்ளே கிடக்கும் கடித உறையில் முகவரி பார்த்து, வீட்டுக்கு அபராதம் அனுப்புவார்கள். கதையில்லை, எனக்குத் தெரிந்த ஒருவருக்கு வந்தது. பையின் விலை தெரிந்தபின் எல்லாரும் தானாகவே பிரிக்கக் கற்றுக்கொள்கிறோம். பெட் பாட்டில் திரும்பக் கடைக்கு, கண்ணாடி நிறம் பார்த்துத் தொட்டிக்கு, செய்தித்தாள் தனிக்கட்டு, அட்டை தனிக்கட்டு. கட்டு என்றால் நூல் கட்டு, குறுக்கும் நெடுக்குமாக. நம் ஊர் பழைய பேப்பர்காரர் கட்டுவதைப் பார்த்து வளர்ந்தது எனக்கு இங்கேதான் பயன்பட்டது.

இவ்வளவு விதியை ஜனங்கள் எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று முதல் இரண்டு வருஷம் எனக்குப் புரியவேயில்லை. வருஷத்துக்கு நான்கு ஞாயிறுகள் வரை வாக்கெடுப்பு நடக்கிறது, நாட்டு விஷயத்திலிருந்து பள்ளிக் கட்டடம் வரை. 2012-ல் எல்லாருக்கும் ஆறு வாரச் சம்பள விடுமுறை வேண்டுமா என்று கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள்! தானே கை தூக்கி வைத்த விதி என்பதால் மீறுகிறவனைப் பார்த்தால் சொந்தப் பொருளைத் தொட்டுவிட்டது போல் கோபம் வருகிறது. இதே ஜனநாயகம்தான் பெண்களுக்கு தேசிய அளவில் ஓட்டுரிமை கொடுக்க 1971 வரை எடுத்துக்கொண்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆண்கள் மட்டும் வாக்களித்து முடிவு செய்ய வேண்டியிருந்ததால் வந்த தாமதம் அது.

ரயிலைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் எனக்கு இன்னும் அலுக்காத விஷயம் அது. 1982-ல் நாடு முழுக்க ஒரே தாளக்கட்டில் கால அட்டவணை போட்டார்கள்: எந்தத் தடமானாலும் மணிக்கு ஒரு வண்டியாவது, எப்போதும் அதே நிமிடத்தில். பத்து மணி இரண்டு நிமிடத்துக்குக் கிளம்பினால் பதினொன்றுக்கும் அதே, பன்னிரண்டுக்கும் அதே. அடுத்தபடியாக, பெரிய சந்திப்புகளுக்கு எல்லாத் திசை வண்டியும் மணி அடிக்கச் சற்று முன்னால் வந்து சேர்ந்து, சற்றுப் பின்னால் கலைந்து போகிற மாதிரி அமைத்தார்கள். இதற்கு இரண்டு சந்திப்புகளுக்கு இடையே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓட வேண்டும். பெர்னிலிருந்து சூரிக் அதற்கு மேல் எடுத்தது. எனவே நடுவில் புதுப் பாதையே போட்டு 2004 டிசம்பரில் 56 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதைவிட வேகமாக ஓட்ட வேண்டும் என்று அவர்கள் அலட்டிக்கொள்ளவில்லை, இணைப்பு வண்டி கிடைக்கும் அளவுக்கு வேகம் போதும் என்பதே கணக்கு.

நடைமேடைக் கடிகாரத்தைப் பாருங்கள். ஹன்ஸ் ஹில்ஃபிக்கர் என்ற பொறியாளர் 1944-ல் வடிவமைத்தது. நுனியில் வட்டம் வைத்த சிவப்பு விநாடிமுள் பின்னால் சேர்ந்தது. அந்த முள் ஒரு சுற்றை ஏறக்குறைய 58½ விநாடியில் முடித்துவிட்டு, பன்னிரண்டில் வந்து அப்படியே நிற்கும். தலைமைக் கடிகாரத்திலிருந்து சைகை வந்ததும் நிமிடமுள் ஒரு குதி குதிக்கும், சிவப்பு முள் மறுபடி நடக்கும். என் மகன் சின்னவனாக இருந்தபோது அந்த ஒன்றரை விநாடிக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இப்போது பதினோரு வயதாகிறது, நான் பார்க்காத நேரத்தில் இன்னும் அப்படித்தான் செய்கிறான் என்று நினைக்கிறேன்.

எரிச்சலும் இங்கேயே இருக்கிறது. வண்டி மாற நான்கு நிமிடம் என்று அட்டவணை சொன்னால் நான்கே நிமிடம்தான். பெட்டியும் தள்ளுவண்டியும் குழந்தையுமாக ஓடிப் போய், மூடிய கதவின் கண்ணாடியில் உங்கள் முகத்தை நீங்களே பார்ப்பீர்கள். வண்டி நகர்ந்தபின் செயலியில் டிக்கெட் எடுத்தால் அது செல்லாது. ஒரு நிமிடம் பிந்தி எடுத்தேன் என்று பரிசோதகரிடம் கெஞ்சிப் பயனில்லை, அபராதம் கட்ட வேண்டிவரும். வந்த முதல் வாரமே ஹால்ப்டாக்ஸ் அட்டை வாங்குங்கள். வருஷத்துக்கு இருநூறு பிராங்குக்குள்தான், பெரும்பாலான ரயில், பஸ், படகுக் கட்டணம் பாதியாகும். உங்கள் மகளுக்குச் சொற்ப விலையில் ஜூனியர் அட்டை எடுத்துவிட்டால் உங்களோடு வரும்போது அவளுக்கு டிக்கெட்டே வேண்டாம். மலைக் கிராமங்களுக்கு மஞ்சள் நிறத் தபால் பேருந்து போகும். கண்மறைந்த கொண்டை ஊசி வளைவுகளில் அது மூன்று சுர ஹாரன் அடிக்கும். சுவிஸ் பழங்கதை நாயகன் வில்லியம் டெல் பற்றி ரோசினி என்ற இசையமைப்பாளர் எழுதிய இசை நாடகத்தின் முன்னிசையிலிருந்து எடுத்த சுரங்கள் அவை. பள்ளத்தாக்கின் எதிர்ச் சரிவில் இருந்தால்கூடக் கேட்கும்.

இப்போது மலைக்கு வருகிறேன். பெர்ன் நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு திறந்த மேடை இருக்கிறது. தெளிந்த நாளில் அங்கிருந்து ஐகர், முன்க், யுங்ஃப்ராவ் என்ற மூன்று சிகரங்களும் வரிசையாகத் தெரியும். தெளிந்த நாளில் என்றேன், கவனியுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, ஆல்ப்ஸுக்கும் யூரா மலைத்தொடருக்கும் நடுவே உள்ள சமவெளியில் குளிர்ந்த காற்று கிண்ணத்தில் ஊற்றியது போல் தேங்கிவிடும். மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டுக்கொள்ளும். விளைவு, மூடுபனி. ஒரு நாள் இரண்டு நாள் கிடையாது, பத்து நாள் சூரியனைப் பார்க்காமல் போகும். வானம் அலுமினியப் பாத்திரத்தின் அடிப்பக்கம் மாதிரி இருக்கும். இந்த நாட்டைப் பற்றி எனக்குள்ள உண்மையான புகார் இது ஒன்றுதான், மற்றதெல்லாம் பேசிச் சிரிக்க.

உள்ளூர்க்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் மருந்து “மேலே நீலம், கீழே சாம்பல்” என்ற வாசகம். முதல் குளிர்காலத்தில் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்த என்னை ஒரு சக ஊழியர் துன் ஏரிக்கு மேலே இருக்கும் நீடர்ஹார்ன் மலைக்கு அழைத்துப் போனார். 1963 மீட்டர். கேபிள் பெட்டியில் ஏறும்போது கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமேயில்லை, வெள்ளை மட்டும். காதில் அடைப்பு. அப்புறம் அந்த வெள்ளை மெல்ல மஞ்சளாகியது, பெட்டிக்குள் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் கண்ணைச் சுருக்கினார்கள். கீழே பார்த்தால் ஏரி இல்லை, ஊர் இல்லை, பால் பொங்கி அப்படியே உறைந்த மாதிரி ஒரு கடல். அதற்கு அக்கரையில் சிகரங்கள். ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டிக்கொண்டு போன தயிர் சாதம் சாப்பிட்டோம். நாலு மணிக்கு மறுபடி அந்தப் பாலுக்குள் இறங்கும்போது யாரும் பேசவில்லை. குளிர்காலத்தில் மாதம் இரண்டு முறையாவது மேலே ஏறிவிடுங்கள், பணத்தைப் பார்க்காதீர்கள்.

ஃபென் என்ற தெற்குக் காற்று பற்றியும் கேள்விப்படுவீர்கள். மலையைத் தாண்டி இறங்கும்போது காய்ந்து சூடாகி வரும். தலைமுடி உலர்த்தும் கருவிக்கும் ஜெர்மன் மொழியில் இதே பெயர்தான். அது வீசும் நாளில் சிகரங்கள் கை நீட்டினால் தொடலாம் போல நெருங்கி நிற்கும். அலுவலகத்தில் பாதிப் பேர் தலைவலி என்பார்கள். எனக்கு வந்ததில்லை, இருந்தாலும் கூட்டத்தைத் தள்ளிப்போட நானும் சொல்வதுண்டு.

கோடையில் பெர்ன் வேறு ஊர். ஆரே ஆறு நகரத்தை வளைத்து ஓடுகிறது, பச்சைக் கண்ணாடி நிறம். மதிய இடைவேளையில் ஜனங்கள் கரையோரமாக மேலே நடந்துபோய்க் குதித்து, மிதந்தபடி திரும்பி வருகிறார்கள். உடைகளை நீர் புகாத பையில் சுருட்டிக் கூடவே மிதக்கவிடுவார்கள். மார்சிலி என்ற படித்துறைக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, நேர் மேலே நாடாளுமன்றம். தண்ணீர் ஜூலையிலும் சில்லென்றுதான் இருக்கும். நீரோட்டம் பலமானது. கரையில் சிவப்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும், அதைப் பிடித்து ஏற வேண்டும், தவறவிட்டால் அடுத்த கம்பி. நன்றாக நீந்தத் தெரியாமல் இறங்கவே கூடாது. கிணற்று நீச்சல் மட்டும் தெரிந்தவர்கள் முதல் தடவை உள்ளூர் ஆளோடு போங்கள்.

பணம். சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்து மகிழ்ந்திருப்பீர்கள், எல்லாரும் செய்வதுதான். மருத்துவக் காப்பீடு கட்டாயம், வேலை கொடுப்பவர் கட்ட மாட்டார், குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனி பிரீமியம். வந்து மூன்று மாதத்துக்குள் எடுத்தால் போதும் என்பார்கள். ஆனால் எப்போது எடுத்தாலும் வந்திறங்கிய நாளிலிருந்து பிரீமியம் கணக்காகும், எனவே தள்ளிப்போடுவதில் லாபம் ஏதுமில்லை. அப்புறம் ஃபிரான்சைஸ் என்று ஒன்று: வருஷத்தில் முதல் இத்தனை பிராங்க் உங்கள் கையிலிருந்து என்ற வரம்பு. பெரியவர்களுக்கு 300 முதல் 2500 வரை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். வரம்பைக் கூட்டினால் பிரீமியம் குறையும். அதற்கு மேலும் செலவில் பத்து சதவீதம் உங்களுடையது, வருஷத்துக்கு 700 பிராங்க் வரை. பல் வைத்தியம் இதில் சேராது. ஊரிலேயே பல்லைக் காட்டிவிட்டு வாருங்கள், விளையாட்டாகச் சொல்லவில்லை. ஹோட்டலில் குடும்பமாக ஒருவேளை சாப்பிட்டால் நூறு பிராங்க் தாண்டிவிடும். குழாய்த் தண்ணீரும் தெருவோர நீரூற்றும் மட்டும் இலவசம், குடிக்கக்கூடாது என்று பலகை இல்லாத எந்த ஊற்றிலும் பாட்டிலை நீட்டலாம்.

மொழியில் ஒரு ஏமாற்று இருக்கிறது. வகுப்புக்குப் போய் ஜெர்மன் கற்றுக்கொண்டு தெருவுக்கு வந்தால் அவர்கள் பேசுவது வேறாக இருக்கும். எழுதுவது ஜெர்மன், பேசுவது சுவிஸ் ஜெர்மன், அதிலும் பெர்ன் பேச்சு தனி. தொலைக்காட்சியில் செய்தியை எழுத்து மொழியில் வாசித்துவிட்டு வானிலையைப் பேச்சு மொழியில் சொல்வார்கள். நமக்கு இது புதிதா என்ன? செந்தமிழ் படித்துவிட்டு மதுரை சந்தையில் நின்ற வெள்ளைக்காரரின் கஷ்டம் இப்போதுதான் எனக்குப் புரிகிறது. “க்ருயெஸெக்” என்று வணக்கம் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் எதிரே வரும் முன்பின் தெரியாதவரும் சொல்வார். அதே மனிதர் திங்கட்கிழமை டிராமில் உங்களை ஏறிட்டும் பார்க்க மாட்டார். கோபமில்லை, அவர் வழக்கம் அது.

தமிழன் என்று சொன்னால் இங்கே விளக்கவே வேண்டாம், “யாழ்ப்பாணமா?” என்று கேட்பார்கள். எண்பதுகளில் போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர்கள் இந்த நாட்டு உணவகங்களின் சமையலறைகளில் பாத்திரம் கழுவித் தொடங்கி, சமையல்காரர்களாகி, பிள்ளைகளை டாக்டர்களாக்கிவிட்டார்கள். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைப்பது அவர்கள் கடைகளால்தான். விலையைப் பார்த்துவிட்டு, வீட்டுக் கொல்லையில் பறிப்பாரில்லாமல் காய்ந்த முருங்கையை நினைக்காதீர்கள், மனசு கேட்காது. பெர்னில் 2014 டிசம்பரில் திறந்த “சமயங்களின் இல்லம்” என்ற கட்டடத்தில் மசூதிக்கும் பௌத்த மையத்துக்கும் அருகிலேயே சைவக் கோயிலும் இருக்கிறது. பூசை தமிழில் நடக்கும். தமிழ்க் கடைக் கல்லாவில் நிற்கும் பெண் பிள்ளை உங்களிடம் யாழ்ப்பாணத் தமிழிலும் அடுத்தவரிடம் பெர்ன் பேச்சிலும் மூச்சு விடாமல் மாறுவாள்.

மகளைப் பற்றி. பள்ளிக்குக் குழந்தைகள் தனியாக நடந்து போவார்கள். கிண்டர்கார்டன் குழந்தைகள்கூட ஒளிரும் முக்கோணப் பட்டையை மாட்டிக்கொண்டு கும்பலாகப் போவார்கள். காரில் கொண்டுவிடும் பெற்றோரை ஆசிரியர்களுக்குப் பிடிக்காது. முதல் மாதம் நீங்கள் மரத்துக்கு மரம் மறைந்து பின்னால் போவீர்கள். நானும் போனேன். எரிச்சல் என்னவென்றால் மதியம் பன்னிரண்டுக்குச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இருவரும் வேலைக்குப் போவதானால் மதிய உணவும் கவனிப்பும் உள்ள டாகெஸ்ஷூலெயில் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள்.

பிப்ரவரி முதல் புதன்கிழமை மதியம் ஒன்றரைக்கு நாடு முழுக்கச் சங்கு ஊதும். பயப்படாதீர்கள், சோதனை. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடியிருக்கிறாள், அந்த இரண்டாம் மாடிப் பாட்டியம்மா காபியோடு நிறுத்தியிருக்கிறார். கட்டடத்துக்குக் கீழே அணுகுண்டுக்கும் தாங்கும் பதுங்கறை உண்டு, ஏறக்குறைய ஒரு சாண் கனத்தில் கான்கிரீட் கதவு. சமாதான காலத்தில் ஆளுக்கொரு தடுப்பு போட்டுச் சாமான் அறையாகப் பயன்படுத்துகிறார்கள். பக்கத்துத் தடுப்பில் பனிச்சறுக்குக் கட்டைகளும் ஒயினும். எங்களுடையதில் அரிசி மூட்டையும் கொலு பொம்மைப் பெட்டியும்.

கடைசியாக ஒரு வேலை. புது வீட்டுக்குப் போன வாரமே ஒவ்வொரு கதவாகத் தட்டி, பெயர் சொல்லி, ஒரு தட்டு மைசூர்பாகு கொடுத்துவிடுங்கள். புதிதாக வந்தவர்தான் போய் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்பது இங்கே வழக்கம், அவர்களாக வர மாட்டார்கள். சனிக்கிழமை காலை பத்திலிருந்து பதினொன்றரைக்குள் போவது நல்லது. பன்னிரண்டு அடித்துவிட்டால் தட்டாதீர்கள்.